லாரி வாங்காததற்கு நன்றி சொன்ன அண்ணன்

அண்ணனுடைய முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் உறவினர்கள் எல்லாரும் ஒரே வரியைத்தான் சொன்னார்கள். பொருளாசை இல்லாதவர் என்று போடு. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அது சரியா தவறா என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. கூடப் பிறந்தவனுக்கே தெரியவில்லையா என்று நீங்கள் சிரிக்கலாம்.

அண்ணன் அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கிறிஸ்தவ சபைக்குப் பின்னால் இருந்த தெருவில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். அப்பா காலமானபோது அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது அவர் செங்கல் சூளையில் வெந்ததால்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்குமாடிகள் எழும்பிய காலத்தில் அம்மாவையும் என்னையும் படூருக்கு அழைத்து வந்து, கேளம்பாக்கம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டினார். திருமணம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை; என்னைத்தான் பிள்ளை என்பார். ஞாயிறு காலை மட்டும் வண்டி ஓடாது. அண்ணியோடு ஆராதனைக்குப் போய்விடுவார்.

அப்போது ஊரைவிட்டுப் போகவிருந்த ஒருவர் தம்முடைய தண்ணீர் லாரியை அண்ணனிடம் கைமாற்றித் தர முன்வந்தார். குடியிருப்புகளுக்குத் தண்ணீர் ஏற்றியவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு காலையில்தான் தண்ணீர் அதிகம் கேட்பார்கள், நமக்குச் சரிப்படாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். எனக்குத் தலை சுற்றியது. கடன் வாங்கி அந்த லாரியை நான் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு லாரிக்கு மாலை போட்டுப் படூர் சபை வாசலில் நிறுத்தினேன். ஆராதனையில் போதகர், நன்றிக்கான காரணத்தை மேலே எழுதிப் பணம் வைத்துக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை வாசித்தார். லாரி வாங்க உதவிய தேவனுக்கு நன்றியாக என் குடும்பம். அடுத்த உறையை எடுத்துச் சற்றுத் தயங்கி வாசித்தார். லாரி வாங்காமல் இருக்க உதவிய தேவனுக்கு நன்றியாக அண்ணன் குடும்பம். சபையே சிரித்தது. பெண்கள் பக்கம் இருந்த அண்ணியைப் பார்த்தேன். அவரும் திருதிருவென்று விழித்தார். வளர்த்த தம்பியை நாலு பேர் முன்னால் இப்படிக் குத்திக்காட்டலாமா? ஆறு மாதம் நான் பேசவில்லை. அவரோ சாலையில் என்னைக் கண்டால் ஹாரன் அடித்துக் கையசைப்பார்.

ஒரு லாரி மூன்றாயிற்று. மாமல்லபுரம் கடற்கரை விடுதிகள் வரை என் வண்டிகள் போயின. கேளம்பாக்கத்தில் மாடி வீடு கட்டினேன். அண்ணன் அதே ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் ஒரே ஒரு தடவை என்னைப் பொறாமையோடு பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்தவர் பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சவாரி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மாடிப்படி ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகி, செங்கல்பட்டில் மருத்துவமனையில் படுத்தார். ஒரு மத்தியானம் அண்ணி சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது, இத்தனை வருடம் அடக்கி வைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு சபைல ஏண்ணா அப்டி எழுதிக் குடுத்த? என்னிய அசிங்கப்படுத்தத்தானே?"

அண்ணன் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"உன்ன இல்லடா. எனுக்கு அந்த லாரி மேல அவ்ளோ ஆச. வேணாம்னு சொல்ட்டு வந்து ரெண்டு நாளு சோறு எறங்கல. நீ மாலை போட்டு ஓட்டிகினு வந்தப்ப வயிறு பத்திகினு எரிஞ்சிது. அத ஆண்டவர்கிட்ட இன்னான்னு எழுதறது? வாசல்லயே கவர் வாங்கி நன்றின்னு எழுதிட்டேன். சொல்லிகினே இருந்தா நெசமாயிடும்னு."

ஆனதா என்று கேட்டேன்.

"ஆச்சு. எப்பன்னு தெர்ல. ஒரு நாளு உன் லாரி என்னத் தாண்டிப் போச்சு. யாரு வூட்டுக்கோ தண்ணி போவுதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் தோணல."

நான் இத்தனை காலம் ஏங்கிய பொறாமை கடைசியில் கைக்கு வந்தது. சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூன்றாம் நாள் அண்ணன் கர்த்தரிடம் போனார்.

ஆசை இல்லாதவர் என்று எழுதினால் பொய். ஆசை உள்ளவர் என்று எழுதினால் அதுவும் பொய். நானும் அவரைப்போல் நன்றி சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்கு வருகிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அவருக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

முறை வைத்து மருத்துவமனையில் துணையிருந்த ஆட்டோ நண்பர்களுக்கும், தேடி வந்து ஜெபித்த போதகருக்கும், வேலையை விட்டு அடக்க ஆராதனைக்கு வந்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியை என் வீட்டுக்கே வந்துவிடும்படி அழைத்தேன். "எனுக்கு இங்க இன்னா கொற தம்பி? நீ வந்து போ" என்றார். போகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் அந்த ஒற்றை அறையில் தரையில் உட்காருகிறேன். உட்கார்ந்தால் எழுந்து என் வீட்டுக்குப் போக மனமே வருவதில்லை. ஏன் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள். அவர்களுக்கும் என் நன்றி.