கரண்ட் வந்ததும் வந்த கருகல் வாசனை

ஓசூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். புதிதாக வருகிற பிள்ளைகள் ரத்தத்தைக் கண்டு பயப்படுவார்கள். லைட்டைக் கண்டு பயந்த ஆளை நான் பார்த்ததில்லை. நானும் பயந்ததில்லை, அது மஞ்சுநாத்தின் தொடையைச் சுடும்வரை.

மஞ்சுநாத் பேரிகை ஊர்க்காரர், சிப்காட் கம்பெனி ஒன்றில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். பித்தப்பையில் கல், துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன். வயிற்றுக்குள் போகும் ஸ்கோப் என்கிற கேமராக் குழாய்க்கு வெளிச்சம் தருவது லைட் சோர்ஸ் என்கிற பெட்டி. அந்த வெளிச்சத்தைக் கொண்டுவர அதிலிருந்து ஒரு கேபிள் வரும்; எரியும்போது அதன் நுனி நெருப்பாய்ச் சுடும். ஸ்கோப்பை மாற்ற அந்தக் கேபிளைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நோயாளியின் மேல் போர்த்தியிருந்த பேப்பர் விரிப்பிலேயே கேபிளை வைத்துவிட்டேன். அணைந்த கேபிள்தானே, என்ன செய்துவிடும்?

ஜெனரேட்டர் வந்தது. எல்லார் கண்ணும் மயக்க மருந்து மெஷின் மேல். லைட் சோர்ஸும் தானாக, முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. கருகல் வாசனை வந்தது. தியேட்டரில் அது புதிதல்ல. ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் காட்டரி தினமும் அப்படித்தான் மணக்கும். ஆனால் காட்டரி அப்போது யார் கையிலும் இல்லை.

“ஏனாய்த்து சிஸ்டர்?” என்ன ஆச்சு என்று கேட்கிறார்; பதறினால் டாக்டருக்குக் கன்னடம்தான் வரும்.

கேபிளைப் பிடுங்கி எடுத்து, சலைனை ஊற்றினேன். விரிப்பில் ஓட்டை, அதன் ஓரம் புகைந்தது. கீழே தொடையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுட்ட காயம். ஆக்சிஜன் போகிற முகத்துப் பக்கம் வைத்திருந்தால் தீயே பிடித்திருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. “பிளாஸ்டர் அலர்ஜின்னு சொல்லிடலாம் சிஸ்டர்” என்றார் டாக்டர்.

“என் வாயில வராது டாக்டர்” என்றேன். வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் காலை மஞ்சுநாத்திடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டார். “ஏன் சிஸ்டர், கரண்ட் போனதும் மெஷின் சுவிட்ச ஆஃப் பண்ணலீங்களா?”

“அதான் கரண்டே இல்லையே!”

“எங்க கம்பெனில கரண்ட் போனா மொத வேலையே அதுதாங்க. இல்லாட்டி திரும்பி வரும்போது எவன் கையாச்சும் பிரஸ்ஸுக்குள்ள இருக்கும். சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்துடுவாங்க. இவ்ளோ படிச்சிருக்கீங்க, உங்களுக்கு யாரும் சொல்லலியா?” சிரிக்கப் போய், தையல் இழுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது எங்கள் தியேட்டரில் கரண்ட் போனால் முதலில் கேட்கிற சத்தம், “லைட் சோர்ஸ் ஆஃப்!” கழற்றிய கேபிள் ஸ்டீல் ட்ரேயில்தான் படுக்கும். பிரஸ்ஸில் கை வைத்திருப்பவன் சுதாரித்து இழுத்துக்கொள்ளவாவது பார்ப்பான். மயக்கத்தில் கிடப்பவருக்குச் சுட்டாலும் ஐயோ என்று சொல்லத் தெரியாது.