மாவியாவின் பன்றிக் கிடார்

நாக்கை நீட்டி, சதுர பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்க்கிறார் மாவியா. சுருக்கென்று கடித்தால் உயிர் இருக்கிறது. சும்மா கிடந்தால் செத்தது. உயிருள்ளது சட்டைப் பைக்குள் போகிறது. செத்தது கிடாருக்குள் போகிறது. யாரோ கிடாரை இரவல் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் மலை நகரமான ஐஸாலில் ஒரு வீட்டின் தோளில் இன்னொரு வீடு நிற்பதால், என் ஜன்னலிலிருந்து அவர் சமையலறை முழுவதும் தெரியும். நான் பார்ப்பதும் அவருக்குத் தெரியும். "என்னடா சங்கா, உனக்கும் ஒரு நக்கு வேணுமா?" என்பார்.

மாவியா லுங்லேய் ஊருக்கு வாடகை சூமோ வண்டி ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "கட்டிக்கிட்டு வந்தா அவளும் கிடார் கேப்பா" என்கிறார். வளர்த்த பன்றியை விற்று வாங்கியதால் ஊரில் அந்தக் கிடாருக்குப் பன்றி என்றே பெயர். வயரைச் செருகினால் பேட்டரி பலத்தில் ஸ்பீக்கரில் பேசும், உருவிவிட்டால் பேட்டரி இல்லாமலே மடியில் பேசும் ஜாதி. வாங்கிய அன்று, கடையில் இருந்த மலிவு வரிசையை அவர் சோதிப்பதைப் பார்க்க நானும் போயிருந்தேன். ஒவ்வொன்றின் கழுத்தையும் ஒற்றைக் கண்ணால் நேர்பார்த்தார். செருகினார், உருவினார், மறுபடி செருகினார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். கடைக்காரர் எங்களுக்கு டீ கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

"எனக்கு ஒட்டுப்பலகைக் கிடார் போதும். முழுப்பலகை மகாராணிடா. ரெண்டு மழை பெஞ்சா மூஞ்சி வீங்கிடும்" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. என் அண்ணன் டெல்லியிலிருந்து அனுப்பிய விலை உயர்ந்த கிடார் முழுப்பலகை. இரண்டாம் மழைக்காலத்தில் அதன் வயிறு உப்பி, தந்திகள் துணி காயப்போடும் கயிறாக எழும்பிவிட்டன. இப்போது சுவரில் தொங்குகிறது. பக்கத்து வீட்டில் பன்றி கணீரென்று பாடுகிறது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதை அவர் வைத்துக்கொள்ளும் அழகே தனி. பெட்டிக்குள் ஈரம் குடிக்கத் துணியில் முடிந்த அடுப்புக்கரி. வாசித்து முடித்தால் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாகத் துடைப்பு. சூமோவில் முன் இருக்கை அதற்குத்தான். "அந்த சீட்டு?" என்று பயணி கேட்டால், "ஆள் ஏறியாச்சு" என்று பதில் வரும். இத்தனைக்கும் வாசிப்பு சுமார்தான். நான்கு பிடிகள், ஒரே தாளம். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையிலும்தான்.

இரவல் கேட்டவரிடம் இல்லை என்றவனை எங்கள் மலையில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே மாவியா ஒருநாளும் இல்லை என்றதில்லை. பல் தெரியச் சிரித்துப் பெட்டியை நீட்டுவார். வாங்கியவன் மேடையில் வயரைச் செருகுவான், சத்தம் வராது. மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்கும். "சீனாக்காரன் வயரிங்குப்பா. ஆள் பாத்துத்தான் வேலை செய்யுது" என்பார் மாவியா. ஊரும் நம்பியது. எனக்கு உண்மை தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய்க்காதது எவனுக்கும் வாய்க்க வேண்டாமே.

எல்லாரையும்விட அவர் பயந்தது ருவாத்திக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ், சன்னமான விரல்கள். ஒரு சாவு வீட்டில் பன்றியை எடுத்து, வயரில்லாமல் சும்மா மடியில் வைத்து வாசித்தாள். அன்று மாவியா சோற்றைத் தொடவில்லை. "என்கிட்ட பேசாத பேச்செல்லாம் அவகிட்ட பேசுதுடா" என்றார் என்னிடம். அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் ஏமாந்த கணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

அவள்தான் ஆகஸ்டில், பேட்டைகளுக்கிடையே நடந்த பாட்டுப் போட்டிக்கு எங்கள் பேட்டை சார்பில் பாட வந்தாள். "மாவியாண்ணே, பன்னியைக் குடுக்கிறீங்களா?"

"அட, இதெல்லாம் கேக்கணுமா? எடுத்துட்டுப் போம்மா."

போட்டியன்று கூடத்தின் தகரக் கூரையில் மழை கொட்டியது. பக்கத்தில் இருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது. ருவாத்தி மேடையேறி வயரைச் செருகினாள். சத்தமில்லை. மூடியைத் திறந்தாள், மூடினாள். "பன்னி சொந்தக்காரன் கையிலதான் உறுமும்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, கூடம் சிரித்தது. மாவியாவும் சிரித்தார். அவர் கை சட்டைப் பையின் மேல் இருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் உள்ளூர இனித்தது.

அவள் இறங்கிவிடுவாள் என்று நினைத்தோம். இறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கிடாரின் வயிற்றில் காதைப் பதித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். எங்களுக்கு மழைதான் கேட்டது. அவளுக்குக் கேட்டது. முதலில் அவள் புருவம் உயர்ந்தது. பிறகு கண் மூடியது. பிறகு அவளையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. கூடமே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாவியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்னடா சொல்லுது அவகிட்ட?" என்று என் முழங்கையைப் பிடித்தார். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "என்னோடது சங்கா அது. அவளுக்கு மட்டும் கேக்குதுடா."

எழுந்துவிட்டார். "உக்காருங்கண்ணே, மானம் போயிடும்" என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்ததும் அவருக்கு உறைக்கவில்லை. அத்தனை பேட்டைகளும் பார்க்க மேடையேறினார். பையிலிருந்து பேட்டரியை எடுத்தார். பழக்க தோஷம், நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்து வயரிங் கதை கூடத்துக்கே ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கிடாரை முன்பு இரவல் வாங்கியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. செத்ததை எடுத்துவிட்டு உயிருள்ளதைப் போட்டார்.

ஸ்பீக்கர் டப்பென்று உறுமியது. பிறகு மழைக்கு மேலே அந்தச் சத்தம் எழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை என் வீட்டுச் சுவரில் தொங்குவது ஒருநாளும் தராது.

மாவியா இருக்கைக்குத் திரும்பவில்லை. ருவாத்தியின் காலடியில், மேடைத் தரையிலேயே குந்தினார். பாட்டு முடியும்வரை கிடாரிலிருந்து வந்த வயரை, சந்தைக்கு ஓட்டிப்போகும் பன்றியின் கயிறுபோல, இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.