உரிய கவனம்

திருத்தந்தை போப்பின் தூதராக ஏழு நாடுகளில் வேலை பார்த்தவர் அந்தப் பேராயர். பேராயர் என்றால் அவருக்கென்று ஒரு மறைமாவட்டம் வேண்டும் என்பது முறை. அதனால் தூதர்களுக்கு, எப்போதோ மணலில் புதைந்துபோன நகரம் ஒன்றைப் பெயருக்குக் கொடுத்துவிடுவார்கள். இவருக்குக் கிடைத்ததில் ஓணானைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. "எங்க மச்சானுக்கு ஆடும் இல்ல, பட்டியும் இல்ல. ஆனா மேய்ப்பர்" என்று அக்காவின் கணவர் சொல்லிச் சிரிப்பார். அவர் தையல்காரர். இவருடைய முதல் அங்கியைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான், கூலி வாங்கவில்லை.

புதிய ஆயர் பதவிக்குத் தகுந்தவர்களைப் பற்றி ரகசியமாக விசாரிப்பது, அமைச்சர்களிடம் பட்டும் படாமலும் பேசுவது, தலைமையகத்துக்கு அறிக்கை எழுதுவது என்று நாள் போகும். மாலையில் செயலர் கொண்டுவந்து வைக்கும் கடிதக் கட்டில் கையெழுத்திட வேண்டும். எதையும் ஒப்புக்கொள்ளாமல், எதையும் மறுக்காமல் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

பேராயர் ஓய்வுபெறுவதற்கு ஒன்பது வருடத்துக்கு முன் தையல்காரர் படுத்த படுக்கையானார். மச்சானை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். தூதரகத்துக்கு எழுதுவதென்றால் சும்மாவா என்று அக்கா கடிதத்தை டைப்பிங் கடையில் கொடுத்து, "மேன்மைமிகு பேராயர் அவர்களுக்கு" என்று அலுவலக மொழியில் அடித்து அனுப்பினாள். அந்த மரியாதைதான் வினையாகிவிட்டது. செயலர் அதை யாரோ கொடுத்த மனு என்று எண்ணி, வழக்கமான பதிலைத் தயார் செய்தார். இவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "தங்கள் கடிதம் கிடைத்தது. உரிய கவனம் செலுத்தப்படும்."

தையல்காரர் இரண்டு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து செத்துப்போனார். சாவுச் செய்தி வந்த பிறகுதான் பேராயர் கோப்பைத் தேடிப் பார்த்தார். வரிசை எண்ணோடு, தன் கையெழுத்தோடு அந்த நகல் இருந்தது. அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதன்பின் எத்தனை முறை போன் செய்தும் அக்கா பேசவில்லை.

எழுபத்தைந்து வயதானதும் முறைப்படி ராஜினாமா எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் நல்ல அறை ஒன்று காத்திருந்தது. ஆனால் அவர் அக்காவுக்குத்தான் எழுதினார், தன் கைப்பட, நான்கு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு. நடந்ததற்குச் சாக்குச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு, உன் வீட்டில் இருக்க இடம் கொடுப்பாயா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. டைப் அடித்த இரண்டே வரி. "தங்கள் கடிதம் கிடைத்தது. உரிய கவனம் செலுத்தப்படும்."

தாளை மடிக்கும்போதுதான் பின்பக்கத்தில் அக்காவின் கையெழுத்தைப் பார்த்தார்.

"தம்பி, படிச்சப்ப எப்படி இருந்துச்சு? அவருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கிளம்பி வா. தையல் மிஷினை ஓரமா தள்ளிட்டு உனக்குக் கட்டில் போட்டிருக்கேன்."