காலண்டர் பார்த்துக் கட்டிய கும்மட்டம்

கொத்தனார் தொழிலில் வீடு கட்டச் சொல்கிறவரைக்கூடச் சமாளித்துவிடலாம்; படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறவரிடம் மாட்டினால் தீர்ந்தது. கொத்துக்கரண்டி பிடித்தவர்கள் எல்லோரும் பட்டிருப்பீர்கள்.

ஒரு பக்கம்தான் தெரிந்தது

எண்பத்தாறோ எண்பத்தேழோ. திருச்சுழி ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிவாசலின் ஓட்டுக்கூரை சரிந்துவிட்டது. புதிதாகக் கட்ட, ஜமாத் தலைவர் காசிம் ராவுத்தர் என்னைத் தேடி அருப்புக்கோட்டைக்கு வந்தார். அதுவரை நான் கட்டியது வீடுகளும், எங்கள் சபைக்கு ஒரு சின்ன சர்ச்சும்தான். அவர் கையில் சவுதியிலிருந்து மகன் அனுப்பிய காலண்டர். மாசத்துக்கு ஒரு பள்ளிவாசல். துருக்கியில் பென்சில் சீவின மாதிரி மினாராக்கள். ஈரானில் நீல ஓடு பதித்த வாசல். ஆப்பிரிக்காவில் முழுக்க மண்ணாலேயே ஒன்று. ராவுத்தர் டெல்லிப் படத்தில் விரலை வைத்தார். வயிறு பருத்து நுனி கூம்பிய வெள்ளைக் கும்மட்டம்.

“பாய், முன்பக்கம்தான் தெரியுது. பின்பக்கம் எப்படி இருக்கும்?” என்றேன்.

“முன்பக்கத்த நீங்க பாருங்க கொத்தனாரே, பின்பக்கத்த அல்லா பாத்துக்கிருவான்.”

எது கோணல்?

தொழுகிறவர்கள் மக்காவைப் பார்த்து நிற்க வேண்டும். நம் ஊரிலிருந்து அது மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. இமாம் காம்பஸ் வைத்துக் காட்டிய திசையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். சுவர் இடுப்புயரம் வந்ததும் தெருவுக்குக் கட்டடம் கோணலாகத் தெரிந்தது. “சாமுவேல் கொத்தனாரு கோணம் பாக்குற மூலமட்டத்தத் தொலைச்சுப்புட்டாரு” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். கூட வேலை பார்த்த முனியாண்டிக்குப் பொறுக்கவில்லை. நூல்கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்மேல் ஏறி நின்று கத்தினார்:

“எங்க கட்டடம் நேராத்தேன் நிக்கிது. உங்க தெருதான்யா கோணல்!”

கம்பத்தை உருவிய நாள்

அடுத்தது கும்மட்டம். டவுனிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர், “கம்பி கட்டாம வெறும் செங்கல்லுல ஏத்துனா முத மழைக்கே உள்ள விழுந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜமாத்தில் பாதிப் பேர் பயந்துவிட்டார்கள். விழுந்தால் இந்த வட்டாரத்தில் மாட்டுக்கொட்டகை கட்டக்கூட என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் என் வீட்டு முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒன்று கட்டி, மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. அதே முறையில் பள்ளிவாசலின் நடுவே கம்பம் நட்டு, வளைவாக அறுத்த பலகையை அதில் சுழலும்படி மாட்டினேன். பலகை சுற்றிய வழியே செங்கல் வட்டம் வட்டமாக ஏறியது. ஒரு வட்டம் மூடியதும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டன.

காய்ந்த பிறகு கம்பத்தை உருவினோம். ஊரே வெளியே கூடி நின்றது. ஒரு பொடி உதிரவில்லை. நானும் முனியாண்டியும் உச்சியில் ஏறி நின்று கையை ஆட்டினோம். கீழே ராவுத்தர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த ஐப்பசியில் அடைமழை. அது விட்டதும் இன்ஜினியர் வந்தார். அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ஈரம் தேடினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“இதுக்குக் கணக்கு எந்தப் புஸ்தகத்துல இருக்கு கொத்தனாரே?”

புதுப் பேர்

தொண்ணூறுக்கு அப்புறம் பள்ளிவாசலுக்கு இரண்டு மினாராக்களும் எழுந்தன. ஒரு நாள் அந்த வழியாக பஸ்ஸில் போனேன். கண்டக்டர் விசிலடித்து, “பெரிய பள்ளிவாசல் எறங்கு!” என்றார். ராவுத்தர் ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருந்தாலும், “ஏம்ப்பா, ஊருக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல?” என்று கேட்டேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

“அது யாருக்குண்ணே தெரியும்? கும்மட்டம்தேன் மூணு மைலுக்கு அங்கிட்டே தெரியுதுல்ல!”

அதற்குப் பிறகு என்னிடம் வீடு கட்ட வந்தவர்களெல்லாம் ‘அப்படியே மாடியில சின்னதா ஒரு கும்மட்டம்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜெயித்த கொத்தனாருக்கு ஊர் கொடுக்கும் தண்டனை அவ்வளவுதான்.