கைராசிக்காரிக்கு மட்டும் பாடிய பெட்டி

என் அக்காவுக்குக் கை வியர்க்கும். எல்லாருக்கும் வியர்க்கிற மாதிரி அல்ல. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும், மழை நாளானாலும், தூங்கினாலும் உள்ளங்கையும் விரல் நுனியும் நனைந்தே இருக்கும். மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. முதல் இரண்டு பேரும் பயந்த சுபாவம் என்றார்கள். மூன்றாமவர் கைகொடுத்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, "ஒண்ணும் இல்லம்மா, இதெல்லாம் சாதாரணம்" என்றார்.

இந்தச் சாதாரணத்தால் அவள் பட்டது கொஞ்சமா? பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மை கரைந்து, எட்டு எல்லாம் பூஜ்யமாகிப் போனது. துணிக்கடை வேலைக்குப் போனாள். வெளிர் நிறத் துணியில் எல்லாம் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்து மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். அச்சகத்தில் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். கல்யாணப் பேச்சு ஒன்று நன்றாகக் கூடி வந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் நாகரிகமானவர். பேசிவிட்டுக் கிளம்பும்போது அவளுக்குக் கைகொடுத்தார். கொடுத்த கையோடு அங்கேயே கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சுமூச்சு இல்லை.

"வாசலையாவது தாண்டிட்டுத் தொடைச்சிருக்கலாம்டா" என்றாள் அக்கா. அதைத் தவிர அவரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பெரிய ரோடு. அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கையைப் பிடித்து என்னை அந்தப் பக்கம் சேர்க்கிற பொறுப்பு அவளுடையது. நான் நடு ரோட்டில் கையை உதறிவிட்டு டிரவுசரில் துடைப்பேன். ஒரு நாள் லாரிக்காரர் ஒருவர் பிரேக்கை மிதித்து, எங்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அக்கா கையை நீட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் பையின் வாரை நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, முன் மண்டையில் முடி இல்லை. இன்றைக்கும் ரோடு வந்தால் அவளுடைய கைப்பை வார் தானாக என் பக்கம் நீளும். நானும் பிடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது.

நான் பாட்டுக் கேட்கிற கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவன். போன வருடம் புதிதாக ஒரு பெட்டி செய்தார்கள். சட்டைப்பையில் அடங்கும். பொத்தான் என்று ஒன்றுமே கிடையாது. கண்ணாடியைத் தொட்டால் பாடும், விரலால் தள்ளினால் அடுத்த பாட்டுக்குப் போகும். கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். அக்காவுக்கும் சொல்லிவைத்தேன். கிடைத்துவிட்டது.

சேருவதற்கு முதல் நாள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "என் கையப் பத்தி அங்க யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டேன்னா நீ என் தம்பியே இல்ல."

ஜன்னல் இல்லாத அறை, நீளமான மேசை, வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. ஒரு பெட்டியைப் பன்னிரண்டு தடவை தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டு தொடங்கும். நான்கு வினாடி கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். தாளில் 'சரி' அல்லது 'சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பாட்டின் ஐந்தாவது வினாடியில் என்ன வருகிறது என்பது மட்டும் அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

முதல் வாரம் மற்ற நான்கு பேரின் தாளிலும் 'சரியில்லை' குவிந்தது. அக்காவின் தாளில் ஒன்றுகூட இல்லை. புத்தி உள்ளவன் என்ன செய்வான்? பெட்டியைத் திறந்து பார்ப்பான். எங்கள் சூப்பர்வைசர் அந்த நான்கு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"பெட்டி ஒண்ணுதான். இவங்க தொட்டா பாடுது, நீங்க தொட்டா பாட மாட்டேங்குது. அப்போ கோளாறு பெட்டியிலயா, உங்ககிட்டயா?"

நான்கு பேரும் தங்கள் விரலைத் தாங்களே சந்தேகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் நால்வரையும் பேக்கிங் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள்.

அடுத்து வந்தார் பெரிய இன்ஜினியர். தூசி பட்டுவிடும் என்று எந்த நேரமும் கையுறை போட்டிருப்பவர். தான் செய்த பெட்டியை வெறும் விரலால் அவர் தொட்டதே இல்லை. அக்கா தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள்.

"சார், நான் தொடறதுக்கு முன்னாடியே பாட ஆரம்பிக்குது. ஒரு தடவ தள்ளினா மூணு பாட்டு தாண்டிப் போகுது."

பெரிய இன்ஜினியர் பெட்டியின் தொடு உணர்வைக் கொஞ்சம் குறைத்தார். "இப்ப?" இன்னும் ஜாஸ்தியாக இருக்கிறது என்றாள். மறுபடி குறைத்தார். தையற்காரர் சட்டைக்கு அளவு பார்ப்பது போல ஒன்பது நாள் இது நடந்தது. பத்தாம் நாள் அக்கா தொட்டாள், பாடியது. தள்ளினாள், சரியாக ஒரு பாட்டு தாண்டியது. அறையே கைதட்டியது. பெரிய இன்ஜினியர், "கைராசிம்மா உங்களுக்கு" என்றார். அன்றிலிருந்து கம்பெனியில் அவள் பெயர் கைராசிக்காரி. நாற்பத்துநாலு வருடத்தில் அந்தக் கையைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அப்போதுதான். அந்த மாதமே ஒரு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவள் விரலில் நான் மோதிரம் பார்ப்பது அதுவே முதல் தடவை.

நாற்பதாயிரம் பெட்டிகள் கடைக்குப் போயின. மூன்றாம் நாள் என் போன் அலறத் தொடங்கியது.

"தொட்டுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்பேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"தொட்டேன், தடவினேன், தட்டினேன். இனிமே கால்லதான் விழணும்" என்றார் ஒருவர்.

இன்னொருவருக்கு அது குளித்துவிட்டு வந்தவுடன் மட்டும் பாடுகிறதாம். ஒரு அம்மா, குழந்தை வாயில் வைத்தால் பாடுகிறது, பிடுங்கினால் நின்றுவிடுகிறது, குழந்தையை விட்டே கேட்கலாமா என்று விசாரித்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் நாய் நக்கினால் பாடுகிறது. "நாய்க்குப் பிடிச்ச பாட்டையே நாள் பூரா கேக்க வேண்டியிருக்குப்பா" என்றார். பாவம், அந்த மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

குளியல், குழந்தையின் வாய், நாயின் நாக்கு. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டேன். ஊமை. என் மனைவி தொட்டாள். அவளுக்கும் ஊமை. அடுக்களையிலிருந்து அக்கா வந்து, "என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று ஒரு விரல் வைத்தாள். அது பாட்டுக்குப் பாடியது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இந்த வேலையும் போய்விட்டால் அவளுக்கு இனி எங்கே கிடைக்கும் என்று இருவருக்குமே தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கை வைக்கவே இல்லை.

மறுவாரம் மேனேஜர் எல்லாரையும் பெரிய ஹாலுக்கு வரச் சொன்னார். எங்கள் மேனேஜரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரை வேலையிலிருந்து அனுப்பினாலும் கைகுலுக்கித்தான் அனுப்புவார். மற்ற நாளில் யாரிடமும் குலுக்க மாட்டார். அதனால் அவர் கை சும்மா அசைந்தாலே எங்களுக்கு உள்ளே உதறும்.

மேசையில் ஒரு பெட்டி, பக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்ட தாள்களின் கட்டு. நூற்று நாற்பது பேர் சுற்றி நின்றோம். மேனேஜர் பெட்டியைத் தொட்டார். சத்தமில்லை.

"திரும்பி வந்த முந்நூறு பெட்டியையும் நானே தொட்டுப் பாத்துட்டேன். ஒண்ணு பாடல. ஆனா நாப்பதாயிரம் பெட்டிக்கும் 'சரி', 'சரி'ன்னு எழுதியிருக்கு. தொடாமலே உக்காந்த இடத்துல எழுதியிருக்கீங்க. இல்லேன்னா இப்ப தொட்டுக் காட்டுங்க."

அக்கா முன்னே வந்தாள். நாலு பேர் நடுவில் போகும்போது என்ன செய்வாளோ அதைத்தான் அன்றைக்கும் செய்திருந்தாள். காலையிலேயே கைகளை அழுந்தத் துடைத்து, அரை டப்பா பவுடரைக் கொட்டித் தேய்த்திருந்தாள். அந்த வெள்ளை விரலைக் கண்ணாடியில் வைத்தாள். பாடவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். பேக்கிங் பிரிவிலிருந்த அந்த நால்வர் சிரிக்கவில்லை. தங்கள் விரலை மறுபடி திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் கித்தியம் என்று காரணம் சொல்லி நின்றுவிட்டேன். பேச்சைப் பார், சத்தியமாம். எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

அக்காதான் சொன்னாள். "சார், நான் ஒவ்வொண்ணையும் தொட்டேன். பன்னெண்டு பன்னெண்டு தடவ தொட்டேன். எனக்குக் கை வேர்க்கும் சார். சின்ன வயசுலேர்ந்தே. ஈரக் கைக்குத்தான் இது பாடுது போல. எனக்கும் போன வாரம்தான் தெரிஞ்சுது." பவுடரை எல்லாம் கோட்டில் துடைத்துவிட்டு உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். "கொஞ்சம் பொறுங்க. இப்ப வேர்த்துடும்."

பொறுத்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. வியர்க்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. கை காய்ந்து கிடந்தது. மறைத்து மறைத்து வைத்திருந்ததை வாய்விட்டுச் சொன்னதும் அவளுக்குப் பாரம் இறங்கிவிட்டதோ என்னவோ, பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நிற்காத வியர்வை அன்றைக்குப் பார்த்து நின்றுவிட்டது. நூற்று நாற்பது பேர் ஒருத்தியின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நடுவில் டீ வந்தது. குடித்தோம்.

"அம்மா, கொஞ்சம் பயப்படுங்களேன்" என்று பெரிய இன்ஜினியர் கெஞ்சினார்.

"பயமா வரல சார். நான் என்ன பண்ணட்டும்?"

"வேலை போயிடும்மா!"

"தெரியுது சார்" என்றாள். கை அப்படியேதான் இருந்தது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சரிம்மா. இது வரைக்கும் வேலை பாத்ததுக்கு நன்றி" என்று சொல்லி வலது கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேலை போகிறது என்றபோது வராத பயம், ஒரு மனிதர் கைகொடுக்கிறார் என்றதும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கையைக் கொடுத்தாள். அதற்குள் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேனேஜரின் முகம் சுருங்கியது. கையை உருவிக்கொண்டு, இடது கையால் கைக்குட்டையைத் தேடினார்.

"சார், தொடைக்காதீங்க!" பெரிய இன்ஜினியர் கத்தின கத்தலில் ஹாலே அதிர்ந்தது. "தொடைக்காதீங்க சார்! அதே கையால தொடுங்க!"

மேனேஜர் மிரண்டுபோய்த் தொட்டார். பெட்டி பாடியது.

அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்கு வினாடி ஆனது. ஐந்தாவது வினாடியில் ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. எட்டு மாதம் அந்தப் பாட்டின் வாசலிலேயே நின்று திரும்பிப் போனவள் மாதிரி அக்கா வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். "இது பாட்டா? நான் வெறும் மேளம்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெரிய இன்ஜினியர் கையுறையைக் கழற்றினார், அக்காவின் கையைப் பிடித்தார், ஓடிப்போய்த் தொட்டார். பாடியது. சூப்பர்வைசர் பிடித்தார், தொட்டார். பேக்கிங் ஆட்கள் நால்வரும் வந்து பிடித்தார்கள். தங்கள் விரலுக்கும் அது பாடியதைப் பார்த்து ஒருவர் கண் கலங்கினார். பிறகு எல்லாரும் வரிசை கட்டிவிட்டார்கள். அத்தனை பேரும் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் பாடாதே.

வேலை போகவில்லை. பெட்டியைத் திருத்த ஈரக் கை ஒன்றும் உலர்ந்த கை நான்கும் வேண்டும் என்று பெரிய இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். பேக்கிங்கிலிருந்து நால்வரும் திரும்பி வந்தார்கள்.

அன்று சாயங்காலம் சேர்ந்துதான் வீட்டுக்குக் கிளம்பினோம். அந்த வரிசையில் நான் நிற்கவில்லை. அதை அவள் கேட்கவும் இல்லை. பெரிய ரோடு வந்தது. கைப்பை வார் என் பக்கம் நீண்டது. நான் வாரை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தேன். அவள் திடுக்கிட்டாள். உடனே கை நனைந்தது. என்னத்தைச் சொல்ல, பழைய மாதிரியேதான் வழுவழுவென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, லாரி, பஸ் எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பக்கம் சேர்ந்தோம். அவள் முந்திக்கொண்டு நடந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பேண்டில் மெதுவாகத் துடைத்தேன்.

திரும்பிப் பார்த்துவிட்டாள்.

நான் அப்படியே நின்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"பரவால்லடா" என்றாள். "ரோட்டத் தாண்டிட்டுத்தானே தொடைச்ச."