இமை கழற்றிய கார்

வேலைக்குப் புறப்படுமுன் கேத்தலில் தண்ணீர் சுடவைத்து, அதை வெளியே கொண்டுபோய், காரின் கண்களைக் கழுவி விடுவது இந்த நாட்டில் என் இரண்டாவது குளிர்காலத்தின் வழக்கமாக இருந்தது. அந்தக் காரின் முன்விளக்குகள் வெளியே தெரியாது. முன்பக்கத் தகட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். சுவிச்சைத் தட்டினால் சின்ன மோட்டார் ஒன்று முனகிக்கொண்டு மூடியைத் தூக்க, தவளைக் கண் மாதிரி இரண்டும் எழும்பி நிற்கும். நோர்வேயின் வடக்கில் மார்கழிப் பனி அந்த மூடிகளைத் தகட்டோடு ஒட்டி வைத்துவிடும். சுடுநீர் ஊற்றி, துணியால் துடைத்து, மறுபடி உறைவதற்குள் ஓடிப்போய்ச் சுவிச்சைத் தட்ட வேண்டும். வலது கண் திறக்கும். இடது கண் பாதியில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும். அந்த நேரத்தில் எனக்கு வரும் கோபத்தை எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

அகதிக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் நினைப்பீர்கள். ஆசையில் வாங்கியது இல்லை. இரண்டே பேர் இருக்கக்கூடிய பழைய ஜப்பானியக் காரை அந்தப் பனியில் யாரும் விரும்பவில்லை. மீன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டும் தெரியே என்ற நோர்வேக்காரன் அதைச் சும்மா கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தான். தொழிற்சாலை நான் இருந்த இடத்திலிருந்து நாற்பது கிலோமீற்றர். ஆறு மணி வேலைக்கு முதல் பஸ் ஏழரைக்குத்தான். என்னோடு ஒரே வீட்டில் இருந்த கரவெட்டிச் சிவம் அண்ணை காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உன்ரை மனுசி வந்தால் அவவை ஏத்தலாம். அவவின்ரை சூட்கேசை ஆர் தலையிலை வைக்கிறது?"

மனுசி வருவதுதான் முழுக்கதையும். கலியாணம் முடித்து எட்டாம் மாதம், தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில், அவளை உரும்பிராயில் விட்டுவிட்டு நான் வெளிக்கிட்டேன். அவளை இங்கே கூப்பிடுவதற்கு எனக்கு நிரந்தர வேலை இருப்பதாகக் கடிதம் வேண்டும். குளிர்காலம் முடியும்வரை ஒரு நாளும் தவறாமல் வந்தால் அந்தக் கடிதத்தைத் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். கடிதத்துக்கு வேலை, வேலைக்குக் கார், காருக்கு விளக்கு. என் குடும்ப வாழ்க்கை அந்த இடது பக்க மோட்டாரில் தொங்கிக்கொண்டு நின்றது.

இந்த நாட்டில் விளக்கில்லாமல் கார் பட்டப்பகலிலும் ஓட முடியாது. சட்டம். கோடையில் வெயில் கண்ணைக் குத்தும்போதும் எல்லோரும் முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு போவார்கள். முதல் நாள் பார்த்தபோது, மறந்துபோய் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எதிரே வந்த பஸ்காரருக்குக் கையால் சைகை காட்டினேன். அவர் மரியாதையாகத் திருப்பிக் கை காட்டிவிட்டுப் போனார். மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே விளக்கு என்று சிவம் அண்ணை பிறகு விளங்கப்படுத்தினார். அது எனக்கு இலேசில் மண்டைக்குள் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட நான் பாதிப் பங்கு வைத்திருந்த கராஜில், ஹெலிகொப்டர் வீதியில் போகிற வாகனங்களைச் சுடத் தொடங்கிய காலத்தில், எனக்கு வந்த வேலையெல்லாம் விளக்கை மறைக்கிற வேலைதான். முதலில் கண்ணாடிக்குக் கறுப்பு மை பூசி நடுவில் விரற்கடை அளவு இடைவெளி விட்டோம். பிறகு வாடகைக்கு ஓடும் ஓஸ்ரின் கார் ஒன்றின் சொந்தக்காரர் வந்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு இருட்டுப்படுகிற மைமல் பொழுதில் நோயாளிகளைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, நினைத்த உடனே வெளிச்சம் மறைய ஏதாவது செய்து தா என்றார். நான் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, விளக்குக்கு மேலே பிணைச்சல் போட்டு மூடி செய்து, சைக்கிள் பிறேக் கம்பியை ஸ்ரியரிங் பக்கம் வரை இழுத்துக் கொடுத்தேன். மேலே சத்தம் கேட்டால் கம்பியை விட்டால் போதும், மூடி விழும். அந்த மாதத்தில் இன்னும் ஆறு கார்களுக்கு அதே மாதிரி செய்தேன். ஒரு நாட்டில் கார்களுக்கு இமை வைத்த அதே கையால் இன்னொரு நாட்டில் இமையைத் திறக்கச் சுடுநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன் என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

தை மாத நடுவில் இடது மோட்டார் முற்றாகச் செத்துப்போனது. புதியது தெற்கிலிருந்து வரவேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருக்க நான் தயாரில்லை. தெரியேயின் தகப்பனுக்குக் கடற்கரையில் படகுக் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் வெல்டிங் சாமானும் இருந்தது. ஒரு சனிக்கிழமை காரை அதற்குள் விட்டு, இரண்டு மோட்டார்களையும் மூடிகளையும் கழற்றி எறிந்தேன். கைவிடப்பட்ட வான் ஒன்றின் சதுர விளக்குகள் இரண்டை எடுத்து, இரும்புப் பட்டையில் சட்டம் அடித்து, அந்தக் குழிகளுக்குள் அசையாமல் பொருத்தினேன். சுற்றிவரத் தகடு வைத்து ஒட்டி, தேய்த்து, நிறம் பூசினேன். தெரியே பக்கத்தில் நின்று தகட்டைப் பிடித்துத் தந்தான். கடைசியில் விளக்கைப் போட்டபோது கொட்டிலின் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுந்தன. நாடு விட்டு வந்த பிறகு மீனைத் தவிர வேறு ஒன்றை என் கை செய்தது அன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

மாசியில் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிவம் அண்ணையும் கூட வந்தார். அவர் எனக்கு முன் வந்தவர், நோர்வே மொழியில் என்னைவிட இரண்டு சொல் கூடுதலாகத் தெரிந்தவர். வழியில் எனக்குப் புத்தி சொன்னார்.

"உவங்கள் யூனிபோர்மோடை நிண்டு ஏதும் கேட்டால் வாயைக் குடுக்காதை. தெரியாது எண்டு சொல்லிப்போட்டு நில். நாங்கள் இன்னும் வீசாவுக்கு நிக்கிற ஆக்கள்."

நீலச் சீருடை போட்ட பரிசோதகர் நல்ல உயரமான மனிதர். விளக்கின் உயரத்தை அளந்தார். வெளிச்சத்தைப் பலகையில் விழவைத்துப் பார்த்தார். குனிந்து வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மூச்சை உள்ளே இழுத்து, இந்தப் பக்கத்து ஆட்கள் ஓம் சொல்கிற மாதிரி, "யா" என்றார். பிறகு நிமிர்ந்து, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டார்:

"வெம் ஹார் யோர்ட் தெத்தே?"

இதைச் செய்தது யார் என்று அர்த்தம். கேள்வி விளங்கியது. அவர் முடிக்குமுன் என் வாய் பதில் சொல்லிவிட்டது. தெரியாது, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றேன். சிவம் அண்ணை பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அந்தப் பதில் சிவம் அண்ணை சொல்லித்தந்ததால் வந்தது இல்லை. சுன்னாகத்தில் எங்கள் கராஜுக்கு எதிரில் வெல்டிங் கடை வைத்திருந்தவர் ஒருவர். நல்ல வேலைகாரன். ஒரு நாள் சோதனைக்கு வந்த ஆமிக்காரர், எங்கேயோ பிடித்த இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, இதை ஒட்டியது யார் என்று கேட்டார்கள். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, தன் கைவேலை தெரிந்ததும், "ஓம், நான்தான் ஒட்டினது" என்று சொல்லிவிட்டார். யாரோ சாமான் வைக்க வாங்கிய பெட்டி. மூன்று கிழமை கழித்து அவர் திரும்பி வந்தபோது வலது கையின் விரல்கள் மடங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்த வேலையையும் தான் செய்ததாக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புக் கேற்றைச் செய்தது யாரென்று தெரியாது, மூடியை வைத்தது யாரென்று தெரியாது, வாங்கும்போதே இருந்தது. செய்தவன் பெயர் இல்லாத வேலைதான் அங்கே பத்திரமான வேலை.

இங்கே அதே வேலை செல்லாத வேலை. பரிசோதகர் கையில் இருந்த தாளில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. செய்தவரின் பெயர். அதை நிரப்ப ஆள் இல்லாததால் அவர் ஒரு திருப்புளியை எடுத்து, எந்தக் கோபமும் இல்லாமல், காரின் இரண்டு நம்பர் பிளேற்றுகளையும் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். முன்னைய சொந்தக்காரரை விசாரிப்போம் என்றார். நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். "ஏசிக் கத்தியிருந்தாலும் பரவாயில்லை" என்று சிவம் அண்ணை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். கத்தாத அதிகாரியை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த மூன்று கிழமையும் நான் எப்படி வேலைக்குப் போனேன் என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தெரியே தொழிற்சாலைக்கு மற்றப் பக்கத்தில் இருந்தான். மீன் லொறிக்காரர்களை வீதியில் மறித்து ஏறினேன். சில நாள் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டுக்குப் பிறகு உள்ளே எடுக்கமாட்டார்கள் என்பதால் பஸ்ஸும் உதவவில்லை, ஐந்து நாள் போகவே முடியவில்லை. மேற்பார்வையாளர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தெரியே ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். அவனை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீ செய்தாய். நான் தகட்டைப் பிடித்தேன். ஏன் தெரியாது என்று சொன்னாய்?" என்று மெதுவாகக் கேட்டான்.

எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் மீன், கத்தி, பெட்டி, நேரம் எல்லாம் இருந்தன. மடங்காத விரல்களைப் பற்றிச் சொல்ல அதில் இடம் இருக்கவில்லை. "பயம்" என்ற ஒரு சொல் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன். அவன் என்னை வினோதமாகப் பார்த்தான்.

"யாருக்குப் பயப்படுகிறாய்? விளக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்றான்.

மறுநாள் அவனே என்னைக் கூட்டிப்போனான். அதே மனிதர், அதே தாள். நான்தான் செய்தேன் என்றேன். அவர் பேனாவை நீட்டினார். மெக்கானிக் சான்றிதழ் இல்லை என்று நானாகவே சொன்னேன். அது தேவையில்லை, விளக்கு கழன்று விழுந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் போதும் என்றார். என் பெயரைக் கட்டத்துக்குள் எழுதினேன். கட்டம் சின்னது, பெயர் பெரியது, வெளியே வழிந்தது. லாச்சியைத் திறந்து பிளேற்றுகளைத் தந்தார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம். நான் முதல் நாளே ஓம் என்றிருந்தால் முடிந்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம். அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் வந்தது, எதிர்க்கடை வெல்டிங்காரரின் விரல்களை மடங்காமல் செய்தவர்கள் மேல் வந்தது. கோபத்தை இறக்கி வைக்க ஓரிடமும் இல்லாமல் தெரியேவுக்குத் "தக்" என்று நன்றி சொன்னேன்.

நிரந்தர வேலைக் கடிதம் அந்தப் பங்குனியில் கிடைக்கவில்லை. தவறிய ஐந்து நாளும் தாளில் இருந்தன. அடுத்த குளிர்காலம் முடியட்டும் என்றார் மேற்பார்வையாளர். அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த ஒரு வருடத்தை என் மனைவி உரும்பிராயில் இருந்து கழித்தாள். மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை, விமானம் வந்தால் பங்கருக்குள் இறங்க வேண்டும். அவள் கடிதங்கள் இரண்டு மாதம் கழித்து வரும். தாமதம் ஏன் என்று அவற்றில் ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? என் வாய்க்குள் இருந்து தானாக விழுந்த ஒரு "தெரியாது" அவளை அங்கே ஒரு வருடம் கூட இருத்தி வைத்தது என்று இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் அவளுக்கு முதலே அறிந்துகொள்கிறீர்கள்.

அடுத்த குளிர்காலம் முடிந்து கடிதம் கிடைத்தபின், ஆனி மாதம் அவள் வந்தாள். இங்கே அப்போது சூரியன் மறைவதேயில்லை. சின்ன விமான நிலையம், மத்தியான வெயில், கையில் ஒரே ஒரு பை. மெலிந்திருந்தாள். காரைப் பார்த்துச் சிரித்தாள். ஏறி இருந்து, நான் வண்டியை எடுத்ததும், முன்னால் நின்ற வாகனத்தின் கண்ணாடியில் எங்கள் வெளிச்சம் மினுங்குவதைக் கண்டாள்.

"இஞ்சருங்கோ, லைற் எரியுது. நூத்துங்கோ."

"நூக்கேலாது. இஞ்சை பகலிலையும் எரியவேணும். சட்டம்."

"ஏன்?"

"மற்ற ஆக்களுக்கு நாங்கள் தெரியவேணுமாம்."

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியால் வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை, நீலம்தான். "ஆருக்குத் தெரியவேணும்?" என்று கேட்டாள். அவள் பையை மடியில் வைத்து, அதன் மேல் குனிந்து, தலை கண்ணாடிக்குக் கீழே போகும்வரை இருக்கையில் சரிந்துகொண்டாள். நிமிர்ந்து இரு, இங்கே ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. சிறிது தூரம் போனபின் பார்த்தால், என் முதுகும் ஸ்ரியரிங்குக்கு மேல் வளைந்திருந்தது. அப்படியே வீடு வரை போனோம். எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் கார் வெகு தூரத்திலேயே தெரிந்திருக்கும். அதற்குள் இரண்டு பேர் இருந்தது யாருக்கும் தெரிந்திராது.