ஆறாம் வகுப்புக்குப் பசிக்காதா?

போன மாதம் ஒரு பதினோரு வயதுப் பெண் என் வாயை அடைத்தாள். முப்பத்தெட்டு வருடமாக என் மனைவியால் முடியாத காரியம்!

ஊரப்பாக்கத்தில் எங்கள் வாக்கிங் கோஷ்டியைப் பற்றி ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். ரிட்டயரான ஆறு பேர். காலையில் நாலு சுற்று நடப்போம். அப்புறம் நேரே ஹோட்டல் – பொங்கல், வடை. குறைத்த எடையை அங்கேயே திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

சும்மா இருக்க முடியுமா? ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே எட்டாவது வரைக்கும் ஒரு அரசுப் பள்ளி. எடை மெஷினும் டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். பிள்ளைகளின் உயரம், எடை பார்த்து ஒரு சார்ட் போட்டுக் கொடுப்பதாகத் திட்டம். கூடவே என் அட்வைஸும் உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது வரைக்கும் மளமளவென்று முடிந்தது. ஆறாவதில் பதினெட்டு பேர். அதில் ஒருத்தி யாழினி. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. மெஷின் மேல் ஏறி நின்று, முள் எங்கே நிற்கிறது என்று தானே குனிந்து பார்த்தாள். எச்.எம். அம்மா பழைய நோட்டைப் புரட்டினார். ஜூன் மாதம் இருந்த அதே எடை. உயரமும் கிட்டத்தட்ட அதே. எட்டு மாதமாக!

“அவ செருப்பைப் பாருங்க சார். போன வருஷம் குடுத்தது, இன்னும் கரெக்டா இருக்கு. இந்த வயசுல கால் பெருத்து, அது கடிக்கணும்” என்றார் எச்.எம்., என் பக்கம் குனிந்து.

எனக்கு இது போதாதா? ஆரம்பித்துவிட்டேன்.

“காலைல என்னம்மா சாப்பிட்ட?”

“டீ சார். ராத்திரி சோறு மீந்தா அதுவும் உண்டு.”

“டீயெல்லாம் ஒரு சாப்பாடா? வளர்ற பொண்ணு நீ... எலும்பு, மூளை எல்லாத்துக்கும் காலைச் சாப்பாடுதான் முக்கியம். ஏன், அம்மா டிபன் செய்ய மாட்டாங்களா?”

“செய்யும் சார். டெய்லி நாலு வூட்ல செய்யுது.”

“நாலு வீடா?”

“ஊரப்பாக்கத்துல சார். அப்பார்ட்மென்ட்ல. அஞ்சரை பஸ்ஸுக்கே போயிடும்.”

கிண்டல் இல்லை, குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எங்கள் பிளாக்கிலும் காலையில் வந்து சமைப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பை யார் பற்றவைக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? சத்தியமாக இல்லை.

எச்.எம். என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

“அஞ்சாவது வரைக்கும் பசங்களுக்கு ஸ்கூல்லயே காலை டிபன் சார். உப்புமா, கிச்சடி, பொங்கல்... அதுல நல்லா வளந்துகிட்டு வந்தா இவ. ஆறாவதுக்கு அது கிடையாது, மத்தியானம் சத்துணவு மட்டும்தான். ஒரே பில்டிங். சின்னப் பசங்க சாப்பிடற நேரத்துல இதுங்க பின்பக்கம் போயி விளையாடும்.”

வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிளாஸ் ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு சார். அஞ்சாவது முழு ஆண்டுப் பரீட்சையில கணக்குப் பேப்பரை வெள்ளையா குடுத்துட்டா. பேர் மட்டும் எழுதியிருந்தா. ஏன்டின்னு கேட்டா, ‘ஃபெயிலானா இன்னொரு வருஷம் அஞ்சாவதுலயே இருக்கலாம்ல டீச்சர்’ங்கறா.”

“அப்புறம்?”

“ஆல் பாஸ் சார். அது அவளுக்குத் தெரியல.”

நம் வீட்டுப் பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்று எத்தனை கோயில் ஏறி இறங்கியிருப்போம்! இந்தப் பெண் ஒரு தட்டு உப்புமாவுக்காக, தெரிந்த கணக்கைப் போடாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் – அழுதுவிட்டேன்.

மறுநாள் ஹோட்டலில் வழக்கம்போலப் பொங்கல் வந்தது. சாப்பிடவில்லை என்று கதைவிட மாட்டேன், சாப்பிட்டோம். ஆனால் இரண்டாவது வடை யாரும் கேட்கவில்லை. பில் வருவதற்குள் முடிவாகிவிட்டது. ஆறாம் வகுப்புக்குக் காலை டிபன் நம் பொறுப்பு. இட்லி, அவித்த முட்டை, சுண்டல்... முறை வைத்துக்கொண்டு கொண்டுபோவது.

போனில் சொன்னதும் எச்.எம். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். “பர்மிஷன் நான் கேட்டு வாங்கறேன் சார்” என்றார். “ஆனா ஒரு மாசம் குடுத்து, போட்டோ எடுத்துட்டு விட்டுடறதா இருந்தா, தயவுசெஞ்சு வேணாம். இல்லாம இருக்க இதுங்க பழகிடுச்சு. குடுத்துட்டு நிறுத்தினா மறுபடியும் முதல்லேர்ந்து பழகணும்.”

சுருக்கென்றது. போட்டோ பற்றி எங்களில் ஒருவர் பேசித்தான் இருந்தார். யார் என்று கேட்காதீர்கள்...

ஏழாவதும் எட்டாவதும் என்ன பாவம் செய்தன என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இப்போதைக்கு எங்கள் கைக்கு எட்டியது ஒரு வகுப்புதான் – அப்படித்தான் எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இந்தத் திங்கட்கிழமை முதல் நாள். பதினெட்டு தட்டு. இட்லி, சாம்பார், ஆளுக்கு ஒரு முட்டை. வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் பரிமாறப் பரிமாறச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யாழினி மட்டும் இட்லியில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, இட்லி பிடிக்காதா?”

“பிடிக்கும் சார்... ஜூன்ல நான் ஏழாவது. அப்பவும் உண்டா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க.”

கோஷ்டியில் ஒருவரையும் கேட்கவில்லை. “உண்டு. எட்டாவது முடிக்கிற வரைக்கும் உண்டு” என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் முதல் இட்லியைப் பிட்டாள்.